கட்டட மண்ணும் கணியூர் வாய்க்காலும்

அமராவதி ஆற்றின் பழைய ஆயக்கட்டில் எட்டு ராஜவாய்க்கால்கள் உள்ளன. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்பன அவை. அணை எழுவதற்கு முன்பிருந்தே வயல்களுக்கு நீர் தந்துவரும் வாய்க்கால்கள் இவை. இத்தகைய பாசனப் பகுதிகளிலும் இன்று வீட்டுமனைகளும் ஆலைகளும் கிடங்குகளும் எழுகின்றன. கட்டடம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நூற்பாலையையும் பனியன் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால் அஸ்திவாரத்திற்குத் தோண்டிக் குவித்த மண் ஐப்பசி மழையில் கரைந்து வாய்க்காலை அடைந்தால் என்ன நேரும் என்பதை ஆராய்வது அவசியமாகிறது.

ஒரு ஏக்கர் மனையில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு மண் கரைவதாகக் கொள்வோம். அது நான்கு கன மீட்டராகும். நமது கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். மனையில் இவ்விழப்பு கண்ணுக்கே தெரியாது. மதகடியில் படிந்தாலோ கடைமடைக்கு நீர் ஏறாது. தூர் வாரும் பாரமும் கட்டியவரை விட்டுப் பாசனக்காரர்மீது விழுகிறது.

“வண்டல் வயலுக்கு உரமாயிற்றே!” என்று சிலர் கேட்கலாம். ஏரி வண்டல் வேறு, இது வேறு. அஸ்திவாரக் குழியிலிருந்து வருவது சத்தற்ற அடிமண். சிமெண்டும் சரளையும் கலந்தது.

மண்ணை வழியில் குழி வெட்டித் தடுத்துவிடலாம் என எண்ணுவோரும் உளர். கண்ணாடிக் குவளையில் மண்ணைக் கலக்கி வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பெருமணல் சில விநாடிகளில் அடியில் இறங்கும். நுண்மண்ணுக்குப் பல மணி நேரம் வேண்டும். களியோ நாட்கணக்கில் கலங்கியே நிற்கும். ஓடும் நீரில் வண்டல் குழி மணலைத்தான் பிடிக்கும். ஆகவே மண்ணை இருந்த இடத்திலேயே நிறுத்துவது முதல் வேலை. குழி அதற்கு அடுத்ததே.

அமெரிக்க நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் கீழ், ஒரு ஏக்கர் முதல் நிலத்தைக் கிளறும் கட்டட வேலைகளுக்கு மழைநீர் அனுமதி தேவை. ஒரு பகுதியில் 14 நாட்களுக்கு வேலை நடவாதென்றால், அங்குள்ள வெற்றுமண்ணை மூடிக் காக்கத் தொடங்கவேண்டும். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டர் முதலான கட்டடங்களுக்கு முன்அனுமதி வேண்டும். மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்திற்கு எடுத்துத் தனியே குவித்து, பின்னர்ச் செடி நடப் பயன்படுத்துவது அவ்வனுமதிகளில் வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. கிராமங்களில் எழும் சிறு கட்டடங்கள் இவ்வளவு பரப்பை எட்டுவதில்லை. இங்கேதான் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கவனம் வேண்டும்.

வரைபடத்தோடு கட்டுவோர் வரும்போதே பேசிவிடுவது நன்று. மண் வேலையை மழைக்கு முன் முடிக்கச் சொல்லலாம். அன்றைய வேலைக்கு வேண்டிய பரப்பை மட்டும் கிளறி, எஞ்சிய புல்லை விட்டுவைக்கலாம். குவியலை வாய்க்காலுக்கு எதிர்ப்புறம், தார்ப்பாயால் மூடி வைக்கவேண்டும். சரிவில் தென்னைநார்ப் பாய் விரித்து வெட்டிவேர் நடலாம். தென்னை மிகுந்த நம் பகுதியில் நாருக்கா பஞ்சம்! லாரி வெளியேறும் வாயிலில் ஜல்லி பரப்பினால் சக்கரத்துச் சேறு சாலைக்கு வராது.

முதல் மழை பெய்து கொண்டிருக்கும்போதே அங்கத்தினர் ஒருவர் மனைக்குச் சென்று, நீர் எவ்வழியே வெளியேறுகிறது, எந்நிறத்தில் வெளியேறுகிறது என்று பார்த்து வரவேண்டும். வெயில் வந்தபின் சென்றால் ஈரத் தரையைத்தான் காணலாம்.