காட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மனோதத்துவத்தில் பட்டம் பெற்ற கையோடு மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல எண்ணுவதாகவும், மனம் கலங்கிய இளம்பிள்ளைகளை மலைக்கும் பாலைநிலத்துக்கும் அழைத்துச் சென்று குணப்படுத்தும் வனாந்தரச் சிகிச்சை என்னும் துறையில் பயில உனக்கு ஆசை பிறந்திருப்பதாகவும் எழுதி, அதைப்பற்றிப் பெரியப்பாவின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருக்கிறாய். நான் வைத்தியன் அல்லன். 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தவன். ஆயினும் நீ கேட்டபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. இத்துறையின் வரலாற்றையும், அதைக் குறித்து நடந்த விசாரணைகளின் அறிக்கைகளையும் தேடி வாசித்தேன். வாசித்ததில் ஒரு பாதி என் உள்ளத்தை மகிழ்வித்தது. மறுபாதி இரண்டு இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. இரண்டையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

மகிழ்வித்ததை முதலில் சொல்கிறேன். யூட்டா முதலிய மாநிலங்களில் நடைபெறும் இச்சிகிச்சையில், பெரும்பாலும் 13 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகள், போதைப் பழக்கத்தாலோ, பள்ளிக்குச் செல்ல மறுத்ததாலோ, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் துயரத்தாலோ வீட்டோடு பொருந்தி வாழ முடியாமற்போனவர்கள், சிறு குழுவாகச் சேர்ந்து 8 முதல் 12 வாரங்கள் வெட்டவெளியிலேயே வாழ்கிறார்கள். கைப்பேசி கிடையாது, கடிகாரமும் கிடையாது. மூட்டையை முதுகில் சுமந்து நடக்கிறார்கள். அரிசியும் பயறும் ஓட்ஸும் தாமே சமைக்கிறார்கள். இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, அன்று நெஞ்சில் தைத்தது என்ன என்பதை ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அந்த நெருப்பை உண்டாக்கும் முறை. நம் பழைய நூல்கள் ஞெலிகோல் என்று குறிக்கும் தீக்கடைகோலுக்கு உறவான கருவியையே அவர்கள் கையாளுகிறார்கள். வளைந்த கிளையொன்றில் நாண் கட்டி, அந்த நாணில் ஒரு மரக்கதிரைச் சுற்றி, கதிரின் தலையைக் குழியுள்ள கல்லால் அழுத்திப் பிடித்து, கீழே வைத்த மென்மரப் பலகையில் அது சுழலுமாறு வில்லை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலகையின் விளிம்பில் வெட்டிய பிளவிலே கரிந்த தூள் சேர்ந்து, புகைந்து, கங்காகும். அக்கங்கைக் கசக்கிய மரப்பட்டை நாரில் ஏந்தி மெல்ல ஊதினால் சுடர் எழும். ஆத்திரத்தோடு இழுத்தால் கதிர் துள்ளி விழும். சோர்ந்து இழுத்தால் சூடு பிறக்காது. உள்ளங்கை கொப்புளித்து, நாள் பல கழிந்த பின்னரே பலருக்கு முதற்கங்கு கிடைக்கிறதாம். தந்தையிடம் பொய் சொல்லித் தப்பலாம். ஆசிரியர்மேல் பழிபோட்டு ஒதுங்கலாம். ஈர விறகிடம் எந்தச் சாக்கும் செல்லாது. கூடாரத் துணியைச் சரியாக இழுத்துக் கட்டாதவன் இரவில் நனைகிறான். அவனை நனைத்தது மழையேயன்றி எந்த மனிதருடைய கோபமும் அன்று. வாழ்நாளெல்லாம் மனிதர்களின் கோபத்தை மட்டுமே தண்டனையாக அறிந்த ஒரு பிள்ளைக்கு, கோபமில்லாத ஒரு விளைவைச் சந்திப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் உணர்கிறேன்.

இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய யூதக் கல்வியாளர், ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு, பின் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர், கப்பல் நிறுவன அதிபரான லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்னும் ஊரில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார். யுத்தத்தில் கப்பல்கள் மூழ்கடிக்கப்படும்போது, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் மாண்டுபோக, வயது முதிர்ந்தவர்கள் பிழைத்துத் திரும்புவதை ஹோல்ட் கவலையோடு கவனித்திருந்தார். அந்தக் கவலைக்கு விடையாகவே அப்பள்ளி எழுந்தது. பின்னர் 1968-இல் யூட்டாவிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன் என்பவர், படிப்பில் தோற்று வெளியேறும் நிலையிலிருந்த மாணவர்களைப் பாலைநிலத்தில் நெடுநாள் நடக்கவைத்துப் பழக்கினார். இன்றைய முகாம்கள் பலவற்றின் முறைகளுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இம்முன்னோடிகளுள் நான் உனக்குப் பரிந்துரைப்பது கேம்ப்பெல் லாஃப்மில்லரை. 1946 முதல் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகர வணிகர் சங்கம் ஒன்றின் ஆதரவில் நடந்த முகாமை அவர் வழிநடத்தினார். கலக்கமுற்ற சிறுவர்கள் சிறு குழுக்களாக வனத்தில் வாழ்ந்தார்கள்; தங்கள் குடில்களைத் தாங்களே திட்டமிட்டுக் கட்டினார்கள்; அவர்களுக்குப் பொறுப்பான பெரியவர்கள் இரவும் பகலும் அவர்களோடேயே இருந்தார்கள். குழுவில் ஒரு சச்சரவு எழுந்தால், செய்துகொண்டிருந்த வேலை எதுவாயினும் நிறுத்தப்படும். அனைவரும் உட்கார்ந்து, அது தீரும்வரை பேசுவார்கள். ‘வில்டர்னஸ் ரோட்’ என்ற பெயரில் 1965-இல் அவர் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அமெரிக்கா செல்லுமுன் அதைத் தேடிப் படி.

இனி, என்னை உறங்கவிடாத பாதிக்கு வருகிறேன்.

நாளொன்றுக்கு 500 டாலருக்கு மேலும் கட்டணம் பெறக்கூடிய தொழிலாக இச்சிகிச்சை வளர்ந்தபோது, பிள்ளைகளில் பலர் காட்டுக்கு வரும் வழி மாறிவிட்டது. பெற்றோர் கூலிக்கு அமர்த்திய முன்பின் அறியாத ஆட்கள் இருவர், விடியுமுன் வீட்டுக்குள் வந்து, படுக்கையில் உறங்கும் பிள்ளையை எழுப்பி, எங்கே போகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் வண்டியில் ஏற்றிச் செல்லுகிறார்கள். தாயும் தந்தையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்நாட்டில் பெரும்பாலும் இது சட்டத்துக்கு விரோதமாகக் கருதப்படவில்லை. இராமனையும் பாண்டவரையும் வனவாசம் அனுப்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உறங்கும் இராமனைத் தூக்கிச் சென்று காட்டில் விட்டதாக எந்தக் கவியும் பாடவில்லை. தன் படுக்கையிலேயே பத்திரமில்லை என்று ஒருமுறை அறிந்த பிள்ளைக்கு, அதற்குப்பின் எந்த மலைக்காற்று நம்பிக்கையைத் திருப்பித் தரும்?

1990-இல், யூட்டா-அரிசோனா எல்லையை ஒட்டிய பாலைநிலப் பகுதிகளில், இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு பெண்பிள்ளைகள் வெவ்வேறு முகாம்களின் நடைபயணத்தில் வெயிலின் கொடுமையால் இறந்தார்கள். 1994-இல் அதே யூட்டாவில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், வாரக்கணக்கில் வயிற்றுவலியால் துடித்து, மெலிந்து, நடக்க முடியாமல் விழுந்து, இறுதியில் குடற்புண் துளைத்ததால் உண்டான அழற்சியினால் உயிர்விட்டான். அவன் தன் வேதனையை நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருந்தான். அவனுடன் இருந்தவர்கள் அவன் நடிக்கிறான் என்று கருதினார்கள். 2007 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று இத்தகைய முகாம்களைப்பற்றி விசாரித்தபோது, 1990 முதல் 2004 வரை தனியார் நடத்திய முகாம்களிலும் விடுதிகளிலும் நேர்ந்த 10 மரணங்களை அரசாங்கத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து அறிக்கை வைத்தது. அச்சிறுவனின் தந்தையும் அங்கே வந்து சாட்சி சொன்னார்.

அம்மா, அந்த அறிக்கையை வாசிக்கும்போது என் உள்ளத்தை அறுத்தது கொடுமையைக் காட்டிலும் அவநம்பிக்கைதான். பிள்ளை சொல்வதெல்லாம் தந்திரம் என்று முகாம் ஊழியருக்கு முன்கூட்டியே போதிக்கப்பட்டிருந்தால், தாகம் என்றாலும் தந்திரம், கண் மங்குகிறது என்றாலும் தந்திரம், வலி என்றாலும் தந்திரமே. பெற்றோருக்கும் அதே போதனை: மகன் குறை கூறி எழுதினால் நம்பாதீர்கள், வீடு திரும்புவதற்காக அப்படித்தான் எழுதுவான் என்று. இவ்விதமாக அப்பிள்ளையின் சொல்லுக்கு உலகில் ஒருவரிடத்தும் மதிப்பில்லாமற் போய்விடுகிறது.

இதை நான் வெளியில் நின்று குற்றம் சாட்டவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், அடிக்கடி பொய் சொல்லி அகப்பட்ட மாணவன் ஒருவன், கணக்குப் பரீட்சையன்று வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கெஞ்சினான். பரீட்சைக்குப் பயந்து சொல்கிறான் என்று தீர்மானித்து அவனைச் சுவரோரம் நிற்கவைத்தேன். மாலையில் அரசினர் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டான். அடுத்த வாரம் பழங்களோடு நான் அவன் படுக்கையருகே சென்றபோது, “சார், நான் நிஜமாத்தான் சொன்னேன்” என்று மட்டும் சொன்னான். அதில் கோபம் இல்லை. அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. யூட்டாவில் இறந்த சிறுவனைப்பற்றி வாசித்தபோது மீண்டும் கேட்டது.

சிகிச்சையாளராக நீ அங்கே சென்றால் உன் நிலை என்னவாக இருக்கும் என்பதையும் எண்ணிப்பார். முறையான பட்டமும் உரிமமும் பெற்ற சிகிச்சையாளர்கள் வாரத்தில் ஓரிரு நாட்களே வண்டியில் முகாமுக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்துப் பேசி, குழுவையும் நடத்திவிட்டு, நகரத்துக்குத் திரும்பிப் பெற்றோரோடு தொலைபேசியில் உரையாடுவதே பெரும்பாலும் வழக்கம். எஞ்சிய நாட்களில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் வழிகாட்டிகள். பலர் உன் வயதினர். நல்ல உள்ளமும் உழைப்பும் உடையவர்கள். ஆனால் குறைந்த பயிற்சியும் குறைந்த சம்பளமும் பெறுபவர்கள். நடு இரவில் ஒரு பிள்ளை நடுங்கி எழுந்தால் அருகில் இருப்பவர் வழிகாட்டியேயன்றி நீ அல்ல. மேலும் உனக்குச் சம்பளம் தரும் நிறுவனம், பெற்றோரின் பணத்தால் நடப்பது. பிள்ளை எத்தனை வாரம் தங்கவேண்டும் என்பதில் உன் சொல்லுக்கு எடை உண்டு. பிள்ளை தங்கும் ஒவ்வொரு வாரமும் நிறுவனத்துக்கு வரவு. காடு முடிந்தபின் பிள்ளைகளில் பலர் வீடு திரும்பாமல் மற்றொரு சிகிச்சை விடுதிக்கே அனுப்பப்படுகிறார்கள். இந்தச் சூழலில் நேர்மையாக நடந்துகொள்ளும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களால் உயிர் மீண்டவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் அவர்கள் தங்கள் நிறுவனத்தின் அமைப்பினால் நல்லவர்களாக இருக்கவில்லை. அதை மீறியே நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பது என் முடிபு.

சட்டம் மெதுவாகத்தான் நடந்து வருகிறது. 1996-இல் முகாம் நடத்துவோரே ஒரு கூட்டமைப்பு அமைத்துத் தங்கள் தரத்தை உயர்த்த முயன்றார்கள். 2021-இல் யூட்டா மாநிலம், பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் முறைகளுக்கு வரம்பு கட்டியும், ஆண்டுக்கு நான்கு முறை சோதனை விதித்தும் சட்டம் இயற்றியது. சிறுவயதில் இத்தகைய விடுதியில் துன்புற்ற பாரிஸ் ஹில்டன் என்னும் பிரபல மாது அதற்காகச் சாட்சி சொன்னார். இவ்வளவுக்குப் பின்னும் 2024 பிப்ரவரியில், வட கரோலினாவில் ஒரு முகாமுக்கு வந்த 12 வயதுச் சிறுவன், வந்து ஒரு நாள் முடியுமுன்பே, உறங்க வைக்கப்பட்ட சிறு கூடாரப் பைக்குள் மூச்சு முட்டி இறந்தான். அம்மாநிலம் முகாமின் உரிமத்தை ரத்துசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், நிறுவனங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதைத் தடுப்பதற்கான மத்தியச் சட்டம் ஒன்றில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். அண்மைக் காலத்தில் பெரிய முகாம்கள் சில மூடப்பட்டும் விட்டன.

அப்படியானால் காட்டையே விட்டுவிடு என்கிறேனா? இல்லை. நார்வே தேசத்தைப் பார். வெட்டவெளியில் வாழும் வாழ்வுக்கு அவர்கள் மொழியில் ‘ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்’ என்று ஒரு சொல் உண்டு. இப்சன் என்னும் பெரும் நாடகாசிரியர் 1859-இல் ஒரு கவிதையில் அதை ஆண்டிருக்கிறார். அந்நாட்டின் தென்பகுதியில் சோர்லாண்டெட் என்னும் பொது மருத்துவமனை, 16 முதல் 18 வயதுவரையுள்ளோர்க்கு 10 வாரச் சிகிச்சையொன்றை வகுத்திருக்கிறது. பிள்ளைகள் தம் விருப்பத்தால் வருகிறார்கள். காட்டில் பகலைக் கழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இடையே சில இரவுகள் மட்டும் குழுவாக வெளியில் தங்குகிறார்கள். சிகிச்சையாளரும் அவர்களோடு அதே பாதையில் மூட்டை சுமந்து நடக்கிறார். அங்கும் நெருப்பு உண்டு, மழை உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு.

ஆகவே, நீ எந்த நாட்டிலே எந்த முகாமிலே பயிற்சிக்கு விண்ணப்பித்தாலும், அவர்கள் உன்னைக் கேள்வி கேட்பதற்கு முன் நீ அவர்களைக் கேள். பிள்ளைகள் இங்கே எப்படி வந்து சேருகிறார்கள்? அவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அனுப்புமுன் வேறு யாரேனும் வாசிக்கிறார்களா? நள்ளிரவில் ஒரு பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், அவனை மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தீர்மானிப்பவர் யார், எத்தனை மணி நேரத்தில்? இவற்றுக்கு மலைப்பின்றி விடை சொல்லும் இடமாயின் தயங்காமல் சேர். தீக்கடைகோலும் கற்றுக்கொள், எனக்கும் வந்து கற்றுக்கொடு. முதற்கேள்விக்கே அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், மகளே, எழுந்து வந்துவிடு.

உன் பெரியப்பா