மெயில் திரும்பி வந்தால் முதலில் அந்த வரியைப் படியுங்கள்

கன்டெய்னர் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கியாகிவிட்டது. டெலிவரி ஆர்டர் கேட்டு ஷிப்பிங் லைனுக்கு நீங்கள் அனுப்பிய மெயில் மட்டும் போய்ச் சேராமல், ‘550’ என்ற எண்ணும் ஓர் ஆங்கில வரியுமாகத் திரும்பி வந்திருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிற பலர் அந்த வரியைப் படிக்காமலே அழித்துவிட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கிறார்கள். அதுவும் திரும்பி வரும். ஃப்ரீ டேஸ் முடிந்து டிடென்ஷன் ஏறத் தொடங்கிய பிறகுதான் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போகிறது.

அந்த வரியில் ‘ஸ்பேம்காப்’ அல்லது ‘ஸ்பேம்ஹாஸ்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் உங்கள் மெயில் புறப்பட்ட சர்வரின் ஐ.பி. முகவரி தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. அது எப்படி ஏறியது என்று புரிந்தால்தான் இறக்கவும் முடியும்.

இரண்டுமே 1998இல் தொடங்கியவை. ஸ்பேம்காப்பைத் தொடங்கியவர் ஜூலியன் ஹெய்ட். இப்போது அது சிஸ்கோவிடம் இருக்கிறது. யாரோ ஒருவர் தமக்கு வந்த ஸ்பேமை ஹெடர் முழுவதும் சேர்த்து அங்கே ஒப்படைக்கிறார். அனுப்பியவர் பெயரை ஸ்பேம்காப் நம்புவதில்லை. ‘ஃப்ரம்’ வரியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் போடலாம். மெயில் கைமாறும்போது ஒவ்வொரு சர்வரும் ஹெடரின் மேல்பக்கம் ஒரு ‘ரிசீவ்டு’ வரியை எழுதுகிறது. கீழே உள்ள வரிகளை ஸ்பேமர் பொய்யாகச் செருகியிருக்கலாம். பெற்றுக்கொண்டவரின் சொந்த சர்வர் எழுதிய வரியில் அவன் கைவைக்க முடியாது. அந்த வரியில் உள்ள ஐ.பி. எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று முகவரிப் பதிவேட்டில் பார்த்து, அந்த நிறுவனத்தின் ‘அப்யூஸ்’ முகவரிக்குப் புகார் அனுப்பப்படுகிறது. இத்தகைய புகார்கள் சேரும்போது அந்த ஐ.பி. பட்டியலில் ஏறுகிறது. இப்படி ஒரு புகார்ப் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய ஆவணம் வகுத்துவிட்டது.

இனி வேலை ஹோஸ்டிங் கம்பெனியுடையது. புகாரில் உள்ள நேரத்தையும் மெசேஜ் ஐ.டி.யையும் தங்கள் லாகில் தேடி, எந்த வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து போனது என்று கண்டுபிடித்து, அதை முடக்க வேண்டும். நல்ல கம்பெனி சில மணி நேரத்தில் முடித்துவிடும். அப்யூஸ் பெட்டியைத் திறந்தே பார்க்காத கம்பெனிகளும் உண்டு. சின்ன ஆபீஸ்களுக்கு அநியாயம் நேர்வது அங்கேதான். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் ஒரே ஐ.பி. வழியாக மெயில் அனுப்புகின்றன. ஒருவர் கணக்கு திருடுபோனால் அத்தனை பேர் மெயிலும் நிற்கும். ஆகவே ஹோஸ்டிங் வாங்கும்போது டிஸ்க் இடத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கணக்கு மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா, அப்யூஸ் புகாரை யார் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

திருடுபோன கணக்கு உங்களுடையதாகவே இருக்கவும் வாய்ப்பு அதிகம். டாக்குமென்டேஷன் மெயில் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று. ஆபீஸில் இருப்பவர், மணலி சி.எஃப்.எஸ்.ஸில் நிற்பவர், வேலையை விட்டுப் போனவர் என எல்லோர் போனிலும் அது திறந்திருக்கும். ‘அரைவல் நோட்டீஸ்’, ‘பி.எல். காப்பி’ என்ற பெயரில் வரும் வைரஸ் ஃபைல் நம் தொழிலில் எவரையும் ஏமாற்றும், ஏனென்றால் அதே பெயரில் உண்மையான ஃபைலும் தினம் வருகிறது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள். பிறகு ஃபார்வர்டு விதிகளைப் பாருங்கள்; உங்கள் இன்வாய்ஸ்கள் ரகசியமாக வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வெப்சைட்டில் உள்ள பழைய கான்டாக்ட் ஃபார்மையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இதை முடிக்காமல் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிப் பயனில்லை. புதிய புகார் வராமல் 24 மணி நேரம் போனால் ஸ்பேம்காப் தானாகவே நீக்கிவிடும். ஸ்பேம்ஹாஸின் எஸ்.பி.எல். பட்டியல் என்றால், நீக்கக் கோர வேண்டியது அந்த ஐ.பி.க்குப் பொறுப்பான ஹோஸ்டிங் நிறுவனம், நீங்கள் அல்ல. இரண்டிலும் கட்டணம் கிடையாது. இவற்றிலிருந்து நீக்கித் தருவதாகப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது எதிர்ப்பக்கம், அதாவது நீங்கள் புகார் செய்வது. கம்பெனி டொமைனுக்கு வரும் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து படிப்பது நம் ஆபீஸ்களில் சர்வசாதாரணம். ஜிமெயில் பார்வையில் அந்த மெயிலைக் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் ஹோஸ்டிங் சர்வர். அங்கே உட்கார்ந்து ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினால் கெட்ட பெயர் உங்கள் சர்வருக்கும் சேர்கிறது. நாளைக்கு நீங்கள் கஸ்டமருக்கு அனுப்பும் இன்வாய்ஸ் அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் விழும். ஃபார்வர்டை நிறுத்திவிட்டு, டொமைன் மெயிலை நேரடியாகத் திறந்து அங்கிருந்து புகார் செய்யுங்கள். ஸ்பேம்காப்பில் கணக்கு வைத்திருந்தால் ‘மெயில்ஹோஸ்ட்’ பகுதியில் உங்கள் சர்வர்களைப் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஹோஸ்டிங் கம்பெனி மீதே புகார் போகக்கூடும்.

நீங்களே பெயர் கொடுத்து வாங்கும் சர்க்குலரைப் புகார் செய்யாதீர்கள், ‘அன்சப்ஸ்கிரைப்’ போதும். விலைக்கு வாங்கிய லிஸ்ட்டுக்கு உங்கள் ரேட் சர்க்குலரை அனுப்பவும் வேண்டாம். ஸ்பேமரைப் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கும் பொறி முகவரிகள் அத்தகைய லிஸ்ட்டில் கலந்திருக்கும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து சொல்கிறது; மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம் அமைப்புகள் இரண்டில் ஒன்றாவது சின்ன ஆபீஸுக்கும் கட்டாயம். சர்க்குலர் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும், டெலிவரி ஆர்டர் மெயில் போகாத தனி சப்-டொமைனிலிருந்து அனுப்புங்கள்.

பட்டியலே தவறு செய்வதும் உண்டு. 2021 ஜனவரி 31 அன்று ஸ்பேம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானதால், அதைக் கேட்ட சர்வர்களுக்கெல்லாம் எந்த ஐ.பி.யும் பட்டியலில் இருப்பதாகவே பதில் போய், உலகெங்கும் நல்ல மெயில்கள் திருப்பி அனுப்பப்பட்டன. உங்களுக்கு வரும் மெயிலை ஒரே பட்டியலை நம்பித் திருப்பாமல், பல அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்யும்படி சர்வரை அமைக்கச் சொல்லுங்கள்.

மோசடி மெயிலை நம்பிப் பணமே போய்விட்டால், முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்; ஸ்பேம் புகார் பிறகு.

ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதும்போது “மெயில் போகவில்லை, அவசரம்” என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் தேட முடியாது. திரும்பி வந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் முழு எழுத்தாக ஒட்டுங்கள். அனுப்பிய தேதி, இந்திய நேரம், அனுப்பிய முகவரி, பெறுநர் முகவரி நான்கையும் கொடுத்து, “எங்கள் கணக்கிலிருந்து கடந்த 48 மணி நேரத்தில் போன மெயில்களின் லாக் வேண்டும்” என்று கேளுங்கள். நீங்கள் அனுப்பாத மெயில்கள் அதில் இருந்தால் ஓட்டை உங்கள் ஆபீஸில். இல்லையென்றால், வேறு ஐ.பி.யிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்யும்படி அன்றே எழுதிக் கேளுங்கள்.