கூண்டில் தெரியும் குணம் நிலையானதா?

உங்கள் குடும்பம் ஒரு விலங்குக் காப்பகத்திற்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் கூண்டில் உள்ள நாய் கம்பியருகே ஓடிவந்து வாலை ஆட்டுகிறது. அடுத்த கூண்டில் உள்ள நாய் மூலையில் சுருண்டு கிடக்கிறது. அழைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பூனைகள் இருக்கும் அறையில் ஒரு பூனை உங்களைக் கண்டதும் சீறுகிறது. இவற்றுள் எதைத் தத்தெடுப்பீர்கள்? பெரும்பாலோர் முதல் நாயைத்தான் காட்டுவார்கள். "அது அன்பானது, இது மந்தமானது, அந்தப் பூனை முரடு" என்று ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரியானது? ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை எழுதும்போது அது எந்த வெப்பநிலையில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே குறிக்கிறோம். சூழலைக் குறிக்காத அளவீட்டை ஆசிரியர் ஏற்கமாட்டார். விலங்கின் நடத்தையை அறிவதற்கும் அதே விதி பொருந்தும். கூண்டில் நாம் காண்பது அந்த விலங்கின் அப்போதைய நிலை. அதையே அதன் நிலையான குணம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு தவறுகள் நேரும். நல்ல விலங்கை வேண்டாமென்று விட்டுவிடுவோம். அல்லது வீட்டுக்குக் கொண்டுவந்த விலங்கு முதல் வாரத்தில் ஒளிந்துகொண்டதும், "இது சரிப்படாது" என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

காப்பகத்துக்கு வரும் விலங்கு ஒரே நாளில் தனக்குப் பழக்கமான எல்லாவற்றையும் இழக்கிறது. அறிந்த முகங்கள் இல்லை. அறிந்த வாசனையும் இல்லை. பூனை தன் கன்னத்தைக் கதவிலும் நாற்காலியிலும் உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்திலுள்ள சுரப்பிகளின் மூலம் தன் வாசனையைப் பதித்து, "இது என் இடம்" என்று அது குறித்துவைக்கிறது. புதிய கூண்டில் அந்தக் குறி ஒன்றுகூட இல்லை. நாய்கள் பல ஒருசேரக் குரைக்கும்போது காப்பகங்களில் ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டியதும் அளந்தறியப்பட்டுள்ளது. நம்மால் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்க முடியும். நாய்க்கும் பூனைக்கும் அதைவிட மிக உயர்ந்த அலைவரிசை ஒலிகளும் கேட்கும்.

இத்தகைய நேரத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இது இரத்தத்தில் குளுக்கோஸின் அளவை உயர்த்தி, ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்துகிறது. சிறிது நேரத்திற்கு இது நல்லது. நாள்கணக்கில் நீடித்தால் பசி குறையும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்பாற்றலும் தளரும்.

மூலையில் சுருண்டு கிடந்த நாய் "மந்தமானது" என்று சொன்னோமே, அதன் உடலுக்குள் இந்த ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருக்கலாம். கண்ணை மூடிக் கிடக்கும் பூனையும் உண்மையில் தூங்காமல் இருக்கலாம். அஞ்சிய பூனைகள் சில, தூங்குவதுபோலவே அசையாமல் கிடக்கும்.

அளந்து பார்த்தவர்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னஸியும் குழுவினரும் ஒரு காப்பகத்து நாய்களின் இரத்தத்தில் கார்ட்டிசோலை அளந்தார்கள். ஆய்வு 1997இல் வெளியானது. வந்து முதல் 3 நாள்களே ஆன நாய்களிடம், 9 நாள்களுக்கு மேல் தங்கிய நாய்களைவிட அதன் அளவு அதிகமாக இருந்தது. புதிதாக வந்த நாயைப் பார்த்து அதன் குணத்தைக் கணிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது காட்டுகிறது.

2019இல் லிசா கன்டர் தலைமையிலான குழு இன்னொரு கேள்வியை எழுப்பியது. காப்பகத்து நாயை ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கவைத்தால் என்ன ஆகும்? 5 காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்கள் இதில் பங்கேற்றன. இம்முறை இரத்தம் எடுக்கவில்லை. சிறுநீரில் உள்ள கார்ட்டிசோலை அளந்தார்கள். ஊசி குத்துவதே நாயைக் கலங்கச் செய்யும் என்பதால் சிறுநீர் நல்ல தேர்வு. வீட்டில் தங்கியபோது அளவு குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. நாய் அதே நாய்தான். மாறியது இடம் மட்டுமே.

ஓர் அட்டைப்பெட்டியின் வேலை

நெதர்லாந்தில் கிளாடியா விங்கேயின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, உங்கள் பாடநூலில் வரும் "கட்டுப்பாட்டுக் குழு" என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. காது, கண்மணி, வால், உடல் இருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து, கெஸ்லர், டர்னர் என்ற இருவர் 1997இல் வகுத்த 7 படிநிலை அளவுகோலின்படி மதிப்பெண் கொடுத்தார்கள்.

மூன்றாம், நான்காம் நாள்களில் பெட்டி கிடைத்த பூனைகளின் கலக்க மதிப்பெண் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. பெட்டி இல்லாத பூனைகளும் பிறகு அமைதியடைந்தன. ஆனால் அவற்றுக்குக் கூடுதல் நாள்கள் ஆயின. பெட்டியில்லாத குழு இல்லாமல் போயிருந்தால் இதை நம்மால் சொல்லியிருக்க முடியாது. "நாள் ஆனதால் தானாகவே அமைதியடைந்தது" என்று ஒருவர் வாதிட்டால் நம்மிடம் பதில் இருந்திருக்காது.

அச்சத்திற்கு இன்னொரு காரணம்

எல்லா அச்சமும் சில நாள்களில் நீங்கிவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. நாய்க்குட்டி பிறந்து ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலும், பூனைக்குட்டி ஏறத்தாழ 2 முதல் 7 வாரம் வரையிலும் மனிதர்களோடு எளிதில் பழகிக்கொள்ளும். இதைச் சமூகப் பழக்கப் பருவம் என்பார்கள். 1961இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம்வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த நாய்க்குட்டிகள் பின்னர் காட்டு விலங்குகளைப் போலவே மனிதரைக் கண்டு அஞ்சின.

ஆகவே, பெரிய நாய் ஒன்று ஆளைக் கண்டு நடுங்கினால், "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். யாரும் தொடாமலேயே அது வளர்ந்திருக்கலாம். இடமாற்றத்தால் வந்த அச்சம் சில நாள்களில் அல்லது வாரங்களில் தணியும். பழக்கமின்மையால் வந்த அச்சம் தணிய மாதங்கள் ஆகலாம். முழுமையாக நீங்காமலும் போகலாம். எது எந்த வகை என்பதை ஒருமுறை பார்த்து அறிய முடியாது. அதனால்தான் அன்றாடம் உணவளிக்கும் ஊழியரையும் தொண்டூழியரையும் கேட்க வேண்டும். "வந்து எத்தனை நாள் ஆகிறது? முதல் நாளுக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு? வேறொரு வீட்டில் தங்கியிருக்கிறதா? அங்கே எப்படி இருந்தது?" இந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை, கூண்டின் முன் நிற்கும் ஐந்து நிமிடத்தைவிட மதிப்புள்ளது. முடிந்தால் வேறொரு நாளும் சென்று பாருங்கள். நாயாக இருந்தால், கூண்டுக்கு வெளியே நடக்க அழைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள்.

வீட்டில் முதல் நாள்கள்

உங்கள் வீடு எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், புதிதாக வந்த விலங்குக்கு அது மீண்டும் ஓர் அந்நிய இடம். கார்ட்டிசோல் கதை மறுபடியும் தொடங்கும். காப்பகத்தார், "3 நாள், 3 வாரம், 3 மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதிர்ச்சி அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், தன் வீடு என்று உணர 3 மாதம். இது அனுபவத்தில் வந்த தோராயக் கணக்கு. விலங்குக்கு விலங்கு வேறுபடும்.

பூனையை முதலில் ஒரே அறையில் வையுங்கள். உணவு, தண்ணீர், மணல்தட்டு, ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அங்கே இருக்கட்டும். காப்பகத்தில் அது படுத்த துணியைத் துவைக்காமல் கொண்டுவந்து போட்டால், அறிந்த வாசனை ஒன்றாவது கூட வரும். பெட்டிக்குள்ளிருந்து அதை இழுக்காதீர்கள். உறவினரையும் நண்பரையும் முதல் வாரமே வரவழைத்து விருந்து வைக்கவும் வேண்டாம்.

சில பூனைகள் வந்து ஒரு வாரம் கழித்துத் தும்மத் தொடங்கும். "நோயாளிப் பூனையைக் கொடுத்துவிட்டார்கள்" என்று கோபம் வரும். பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடக்கும். மனக்கலக்கத்தால் எதிர்ப்பாற்றல் தளரும்போது அது விழித்துக்கொள்ளும். இது மனிதருக்குத் தொற்றாது. பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாயைப் பொறுத்தவரை முதல் வாரங்களில் பெரிய ஆபத்து, மிரண்டு ஓடிவிடுவது. கதவைத் திறக்குமுன் கழுத்துவாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாயின் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப் இருக்கும். அதில் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியின் மாறும் காந்தப்புலம் சிப்பிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, சிப் தன் 15 இலக்க எண்ணை அனுப்புகிறது. இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. நாய் யாருடையது என்பதை அந்த எண் சொல்லும். நாய் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

முடிவெடுக்குமுன்

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். மாடி வீடுகளில் ஜன்னலுக்கு வலை அடிப்பது பூனையின் உயிரைக் காக்கும். "சிங்கப்பூர் ஸ்பெஷல்" என்று செல்லமாக அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களையும் வீவக வீட்டில் வளர்க்க முடியும். 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டம் அதற்கு வழிசெய்தது. இப்போது 55 செண்டிமீட்டர் உயரம் வரையுள்ள நாய்கள் அதில் இடம்பெறலாம்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பூனை 15 ஆண்டு வாழக்கூடியது. இன்று உங்களுக்கு வயது 14 என்றால், அது முதுமையடையும்போது உங்களுக்கு 29. தேர்வுகள், தேசிய சேவை, மேற்படிப்பு, வேலை எல்லாம் இடையில் வரும். அந்த நாள்களில் யார் உணவு வைப்பார், யார் மருத்துவச் செலவை ஏற்பார் என்பதைக் குடும்பத்தோடு இப்போதே பேசிவிடுங்கள். இன்னும் தயாராகவில்லை என்றால், காப்பகத்தில் தொண்டூழியம் செய்யலாம். நாயை நடக்க அழைத்துச் செல்லும் ஒரு மணி நேரமும் அதற்குப் பெரிய உதவிதான்.

செய்து பாருங்கள்

உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பூனையைத் தொலைவில் நின்று 10 நிமிடம் கவனியுங்கள். தொடவோ துரத்தவோ வேண்டாம். நிமிடத்திற்கு ஒருமுறை காது, வால், கண், உடல் ஆகியவற்றின் நிலையை எழுதுங்கள். "காது பின்னால் சாய்ந்துள்ளது" என்பது கண்டது. "கோபமாக இருக்கிறது" என்பது ஊகம். கண்டதை ஒரு பக்கமும் ஊகத்தை மறுபக்கமும் எழுதுங்கள். பிறகு வேறு நேரத்தில், வேறு சூழலில், அதே பூனையை மீண்டும் கவனியுங்கள்.

சிந்தியுங்கள்

1. விங்கேயின் ஆய்வில் 19 பூனைகளே இருந்தன. முடிவை மேலும் உறுதிப்படுத்த நீங்கள் என்ன செய்வீர்கள்?

2. வீட்டில் தங்கிய நாய்களின் கார்ட்டிசோல், காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது. அப்படியானால் ஓரிரு இரவுகள் வீட்டில் தங்கவைப்பதால் பயன் உண்டா? உங்கள் காரணத்தைக் கூறுங்கள்.

3. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மூன்று விலங்குகளையும் நினைத்துப் பாருங்கள். ஓடிவந்து வாலாட்டிய நாயைப் பற்றியும் காப்பக ஊழியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது என்ன?