தாழ்ந்த வில் தளர்ந்த வில்லா?

பழைய மகிழுந்தின் பின்பகுதி தாழ்ந்துவிட்டால், "ஸ்பிரிங் வீக்காகிவிட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள். ஹூக் விதியைப் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவர்கள் இதைச் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம்.

எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் விளையாட்டு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை, 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வகை இது. பெயர்தான் விளையாட்டு மகிழுந்து. அதன் பின்புறத்தைத் தாங்குவதோ லோரிகளுக்கு அடியில் நாம் பார்க்கும் அதே பட்டைவில். வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள்.

ஒரு வில் 200 கிலோகிராம் சுமையைத் தாங்கி 10 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விசை சுமார் 2,000 நியூட்டன். வில் மாறிலி, மீட்டருக்கு 20,000 நியூட்டன். இப்போது பின் அச்சுக்கு நேர்மேலே 10 கிலோ அரிசிப் பைகள் நான்கை வைத்தால், இரண்டு வில்லும் சுமையைப் பகிர்ந்து 1 சென்டிமீட்டர் இறங்கும். பல ஆண்டுகள் ஓடித் தாழ்ந்துபோன வில்லில் வைத்தால்? அதுவும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் இறங்கும்!

காரணம், வில்லின் விறைப்பு எஃகின் யங் குணகத்தையும் பட்டைகளின் அளவையும் பொறுத்தது. வயதானாலும் இவை பெரிதாக மாறுவதில்லை. மாறியது வடிவம். மீள்மை எல்லையை நெருங்கிய சுமைகளை நெடுங்காலம் தாங்கியதால், வளைவில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விட்டது. (பட்டை ஒன்று உடைந்திருந்தால் கதை வேறு.) அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? அச்சு மேலே ஏற இடம் குறைந்துவிட்டது; சிறு பள்ளத்திலும் அது தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வில்லைவிட எனக்குக் கவலை தருவது அதன் முனையில் இருக்கும் சிறிய ரப்பர் புஷ்தான். இந்த மகிழுந்தில் பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் பட்டைவில்களே. வேறு தண்டுகள் கிடையாது. ஒரு பக்கத்து முன்முனைப் புஷ் தேய்ந்தால் அச்சு அந்தப் பக்கம் முன்பின்னாக நகரும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே பின் சக்கரங்கள் திசை மாறும். வளைவில் வேகமாகப் போகும்போது இது ஆபத்து. ரப்பருக்கு எண்ணெயும் ஓசோனும் பகை. எண்ணெயில் ஊதிவிடும், ஓசோன் பட்டால் வெடிக்கும்.

வேலையில் இறங்குமுன் ஒன்று: ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. சட்டகத்தின் கீழ் தாங்கிகளை நிறுத்தி, அச்சுக்குத் தனியாக ஒரு ஜேக் கொடுத்த பிறகே வில்லைக் கழற்ற வேண்டும்.

புதிய வில்லைப் பூட்டும்போது பலர் முன்முனை போல்ட்டை, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். அந்தப் புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. அது சுழலாது, முறுக்கத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், வில் தட்டையாகி, ரப்பர் நின்றபடியே முறுக்கேறி இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கை மேலும் கூட்டும். புது ரப்பர் விரைவில் கிழிந்துவிடும். எனவே நட்டை முதலில் தளர்வாக மாட்டி, சக்கரங்களைத் தரையில் ஊன்றி, முழு எடையும் வில்லில் இறங்கிய பின் இறுக்குங்கள்.

அப்சோர்பரையும் பார்த்துவிடலாம். பின்மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கலாம்.

சில நாள் ஓட்டிய பிறகு, வில்லை அச்சோடு பிணைக்கும் யு வடிவ போல்ட்டுகளின் நட்டுகளை மீண்டும் சரிபாருங்கள். இடையிலுள்ள ரப்பர்த் திண்டுகள் அமுங்கியதும் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.