‘ட்ரெயில் வண்டி’ என்று சொல்லி விற்ற சைக்கிள்: ஃப்ரேமில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு கோவையில் ஒரு கடையில் 68,000 ரூபாய்க்கு ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் வாங்கினேன். தோட்டத்து மண்பாதையிலும், கல்லும் வேருமான சரிவிலும் ஓட்டத்தான் கேட்கிறேன் என்று வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதினேன். “தாராளமா எடுங்க சார், ட்ரெயிலுக்குன்னே வந்த வண்டி” என்று பதில் வந்தது. சில மாதம் கழித்து அதே கடைக்காரர் சொல்லித்தான் 100 மி.மீ. ஃபோர்க்கை எடுத்துவிட்டு 130 மி.மீ. ஃபோர்க் மாட்டினேன், பில் இருக்கிறது. இப்போது ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் வெல்டிங்கில் விரிசல். ஃப்ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி என்கிறது கேட்டலாக். நிறுவனமோ, “கரடுமுரடான பாதையில் ஓட்டியது தவறான பயன்பாடு, ஃபோர்க்கையும் மாற்றிவிட்டீர்கள்” என்று மறுக்கிறது. கடைக்காரர் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். வழக்குப் போட முடியுமா? என் தம்பியும் இதே விலையில் வாங்கப்போகிறான். அவன் எதைப் பார்க்க வேண்டும்?

– வாசகர், குன்னூர்

பதில்: போட முடியும். கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். நிறுவனத்துக்கு எதிரான உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது; கடைக்காரருக்கு எதிரான வாதம் வலுவானது. ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் வராதவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிப்பார்.

‘தவறான பயன்பாடு’ என்ற மறுப்பை முதலில் பார்ப்போம். சைக்கிளோடு வந்த கையேட்டை எடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற தர வகைப்பாட்டின்படி, எந்தப் பாதைக்கு வண்டி ஏற்றது என்பதை எண்ணால் குறிக்கின்றன. சிலர் ஃப்ரேமிலேயே ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள். 1 என்றால் தார்ச்சாலை. 2 என்றால் ஜல்லி, மண் சாலையும் சேரும். சக்கரம் தரையை விட்டு எழுந்து இறங்கும் உயரம் 15 செ.மீ.க்குள். 3 என்றால் கரடுமுரடான ட்ரெயில், 61 செ.மீ.க்குக் குறைவான குதிப்பு. 4 என்றால் 122 செ.மீ. வரை. உங்கள் வண்டி 3 என்றால் நிறுவனத்தின் முதல் காரணம் அங்கேயே விழுந்துவிடும்.

2 என்று இருந்தால்? விளம்பரத்தில் மலைச்சரிவில் பாயும் படத்தைப் போட்டு ‘ட்ரெயில்’ என்று விற்றுவிட்டு, பெட்டியைப் பிரித்த பிறகு படிக்கும் கையேட்டில் அதை மறுத்தால் அது வேறு பிரச்சினை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும், பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறையையும் வரையறுக்கின்றன. இரண்டையும் மனுவில் எழுதுங்கள். வாங்கும் முன் தெரிவிக்கப்படாத விலக்கு நிபந்தனையைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது காப்பீட்டு வழக்குதான். ஆனாலும் அதே தர்க்கத்தை இங்கே முன்வைக்கலாம்.

நான் சொன்ன ஓட்டை ஃபோர்க்தான். 30 மி.மீ. நீளம் கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சாயும். ஒவ்வோர் அடியிலும் ஹெட் டியூப் வெல்டிங்மேல் விழும் நெம்பு விசை கூடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீளமான ஃபோர்க் மாட்டினால் வாரண்டி செல்லாது என்பது பல நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. உங்கள் விரிசல் சரியாக அந்த இடத்தில்தான் வந்திருக்கிறது. நிறுவனம் இதைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தே தயாராகுங்கள்.

ஆனால் அதே ஃபோர்க் கடைக்காரரைச் சிக்கவைக்கிறது. ஃப்ரேம் எவ்வளவு நீள ஃபோர்க்கைத் தாங்கும் என்று பாராமல் பரிந்துரைத்து, கூலி வாங்கி மாட்டிக்கொடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. இரண்டாவதாக, சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 16(1). எந்தத் தேவைக்கு என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் உள்ளார்ந்த நிபந்தனை. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு இந்த நிபந்தனை கிடையாது. கடைக்காரரின் வக்கீல் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

அதற்கும் பதில் இருக்கிறது. நம் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. அங்கே பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கில் (1925), சொகுசாகச் சுற்றுலா போக ஏற்ற கார் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விற்பனையாளர் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார். அது அதற்கு லாயக்கில்லை. பிராண்டு பெயரில் வாங்கினாலும், விற்பவரின் பரிந்துரையை நம்பி வாங்கியவருக்கு விலக்கு பொருந்தாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் இதே கதைதான். நீங்கள் பிராண்டைக் கேட்கவில்லை. தேவையைச் சொன்னீர்கள், வண்டியை அவர் காட்டினார்.

இனி செய்ய வேண்டியவை.

1. வண்டியை ஓட்டாதீர்கள். வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். அலுமினிய ஃப்ரேமில் அது வலுவையும் கெடுக்கும், சாட்சியத்தையும் அழிக்கும்.

2. விரிசலை ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் உள்ள ஃப்ரேம் எண்ணையும் எடுங்கள். நேராக எதிலாவது மோதியிருந்தால் ஹெட் டியூபை ஒட்டி டவுன் டியூபின் அடியில் உலோகம் புடைத்தோ மடிந்தோ இருக்கும்; ரிம்மிலோ ஃபோர்க்கிலோ தடம் இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் வெல்டிங் ஓரமாக மட்டும் விரிசல் ஓடினால், ‘எங்கேயோ மோதிவிட்டார்’ என்ற வாதம் எடுபடாது. அந்த ‘இல்லாமை’யையும் படமெடுங்கள்.

3. வாரண்டி மறுப்பை எழுத்தில், ஆய்வறிக்கையோடு கேளுங்கள். ஃப்ரேமை ஒப்படைத்தால் விரிசல் விவரம் எழுதிய ஜாப் கார்டு இல்லாமல் தராதீர்கள்.

4. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் போனிலேயே வைத்திருங்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் பிரிவு 63(4) சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

5. 15 நாள் அவகாசம் கொடுத்து இருவருக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சில சமயம் அதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியது கோவை என்பதால் கோவைக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். குறைபாட்டைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையம் ஃப்ரேமைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். மாற்று ஃப்ரேம் அல்லது விலையை வட்டியோடு திருப்பித் தருவது, அளவான இழப்பீடு, வழக்குச் செலவு – இவற்றோடு நிறுத்துங்கள். பத்து லட்சம் கேட்டால் மனுவின் நம்பகம்தான் குறையும்.

நீங்கள் கீழே விழவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். காயம் பட்டிருந்தால் அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ள தயாரிப்புப் பொறுப்பும் வரும். அந்த அத்தியாயம் பொருளுக்கே நேர்ந்த சேதத்தைக் கணக்கில் எடுக்காது. பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவருக்குப் பிரிவு 87 பாதுகாப்பும் தருகிறது. இன்னொன்று: தோட்டத்துப் பாதை தனியார் நிலம், உரிமையாளரின் அனுமதி தேவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். அங்கே ஓட்டிய வீடியோவைப் போட்டுவைத்தால் எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆவணம் தந்தது போலாகும்.

இனி தம்பிக்கு. இந்த விலையில் பணத்தை ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் போட வேண்டும். டயர், பெடல், டெரெய்லர் எல்லாம் தேய்ந்த பிறகு மாற்றலாம். காற்று ஸ்ப்ரிங் கொண்ட 120 முதல் 140 மி.மீ. ஃபோர்க், 15 மி.மீ. த்ரூ ஆக்ஸில், கீழே அகலும் டேப்பர்டு ஹெட் டியூப், 65–67 டிகிரி ஹெட் ஆங்கிள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் – இவை இருந்தால் சரிவில் நம்பி இறங்கலாம். பின்சக்கரத்தில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வேண்டாம். அதில் அச்சு வளையும் வாய்ப்பு அதிகம். கேசட் மாட்டும் ஃப்ரீஹப் வேண்டும். முன்னால் ஒரே பல்சக்கரம், 2.3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான டயர், ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம் ஆகியவை கூடுதல் பலம். ‘இப்போ 100 மி.மீ. எடுங்க, பின்னாடி மாத்திக்கலாம்’ என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வழக்கின் வேர் அதில்தான் இருக்கிறது.

பணம் கட்டும் முன் கையேட்டை வாங்கி நான்கு விஷயம் பார்க்கட்டும்: பாதை வகை எண் 3 அல்லது மேலா, ஃப்ரேம் தாங்கும் அதிகபட்ச ஃபோர்க் நீளம், ஓட்டுபவரின் எடை வரம்பு, வாரண்டிக்கு ஆன்லைன் பதிவு வேண்டுமா. ஆயுட்கால வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். பழைய வண்டி என்றால் அதை நம்பி விலை கொடுக்கக் கூடாது. பிறகு பில்லிலேயே “ட்ரெயில் பயன்பாட்டுக்காகப் பரிந்துரைக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதி முத்திரை கேட்கட்டும். பொருளில் நம்பிக்கை உள்ள கடைக்காரர் எழுதித் தருவார். தயங்கினால் வேறு கடை பார்க்கலாம்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. ஃபோர்க் மாற்றிய பில் வெப்பத்தாளில் அச்சானதாக இருந்தால் எழுத்து வெளுத்துப்போகும். இன்றே நகலெடுத்து வையுங்கள். கடைக்காரருக்கு எதிரான உங்கள் வழக்கு பெருமளவு அந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது.