சப்பாலா ஏரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குக் கணினி வேலையாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு வீடு, அரிசி, தயிர் தேடுவதிலேயே முதல் மாதம் ஓடிவிடும். அது முடிந்ததும், "அங்கிள், சனி ஞாயிறுக்கு எங்கே போகலாம்?" என்று வருவார்கள். தெற்கே ஒரு மணி நேரத்தில் சப்பாலா ஏரி இருக்கிறது. நாட்டிலேயே பெரிய நன்னீர் ஏரி. அதன் வடகரையில் சப்பாலா, அஹிஹிக், சான் ஹுவான் கொசாலா என்று வரிசையாக ஊர்கள். போகச் சொல்வதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்?

1. மாதம் பார்த்துப் போங்கள். ஜூன் நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் சொட்டு விழுந்தாலே அதிசயம். ஏப்ரலில் போய்க் காய்ந்த மலையையும் கலங்கிய நீரையும் பார்த்துவிட்டு, "இதற்கா வந்தோம்?" என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். ஆகஸ்டில் அதே மலை கண் கூசும் பச்சை. ஏப்ரல், மேயில்தான் போக முடியும் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். மலையடிவாரம் முழுக்கச் சிள்வண்டு ரீங்காரம். அது கத்தத் தொடங்கி ஆறு வாரத்தில் மழை வரும் என்பது ஊர்க்கணக்கு.

2. குளிக்கத் துண்டு எடுக்காதீர்கள். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம் இருந்தும் பெரும்பாலும் நாலைந்து மீட்டர் ஆழம்தான். லெர்மா ஆறு வழிநெடுகத் தொழிற்சாலைக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் சுமந்துகொண்டு இதில்தான் விழுகிறது. குளித்தே தீருவேன் என்றால் சான் ஹுவான் கொசாலாவில் வெந்நீர் ஊற்றுக் குளங்கள் உண்டு. மலை இறங்கிய காலுக்கு அதைப் போலச் சுகம் கிடையாது. இன்னொன்று: குவாதலஹாராவில் நீங்கள் குழாயைத் திறந்தால் கொட்டுவது, சுத்திகரித்தபின், பெரும்பாலும் இந்த ஏரிதான். 2002-இல் கரை கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கி, ஏரி வற்றியே போகுமோ என்று பயந்தார்கள். பிறகு நல்ல மழை பெய்து காப்பாற்றியது.

3. ஏரியைப் பார்க்க மலை ஏறுங்கள். கரையில் நின்றால் தெரிவது தட்டையான தண்ணீர். அஹிஹிக்கின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மலையில் அரைமணி ஏறினால் சின்ன வெள்ளைத் தேவாலயம் ஒன்று. அங்கே திரும்பிப் பார்த்தால்தான் ஏரியின் முழு அகலமும் எதிர்க்கரை மலைகளும் பிடிபடும். கூட்டம் பிடிக்காதவர்கள் தெபாலோ ஓடை வழியே போகலாம். மழைக்காலத்தில் மட்டும் அங்கே அருவிகள் விழும். பாறை வழுக்கும், பழைய ஓட்டப்பந்தயக் காலணி உதவாது. பாதையோரம் விசாச்சே என்ற வேலமர வகை, கையை வைக்குமுன் பாருங்கள்.

மழைக்காலத்தில் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் கொட்டும். விடியற்காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மேலே மேகம் கறுத்தால் ஓடைப் படுகையில் நிற்கவே கூடாது. 2007 செப்டம்பரில் இந்த மலையிலிருந்து சேறும் பாறையும் உருண்டு வந்து சான் ஹுவான் கொசாலா தெருக்களை மூடின.

டிசம்பர், ஜனவரியில் ஏறுகிறவர்களுக்கு வேறு காட்சி. பாலோ போபோ என்ற மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் வெள்ளைப் பூவாக நிற்கும். கிட்டப் போய்ப் பாருங்கள். சாட்சாத் பூவரசுக் குடும்பம் என்று தோன்றும், ஆனால் வேலியில் படரும் தாளிக்கொடியின் இனம் அது.

4. கூழைக்கடாவுக்காக ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். தென்கிழக்கே, மிச்சோவகான் மாநிலத்துக்குள் இருக்கும் பெத்தாத்தான் என்ற மீனவக் கிராமம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் வெள்ளைக் கூழைக்கடாக்கள் குளிருக்குத் தப்பி இங்கே ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி மார்ச்சில் கிளம்பும். மீனவர்கள் மீனைச் சீவி, தலையையும் குடலையும் தண்ணீரில் வீசுவார்கள். அந்த நேரம் கரையே வெள்ளையாகிவிடும். விரித்த இறக்கை இரண்டரை மீட்டருக்கு மேல், ஓரச் சிறகுகள் கறுப்பு. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கறுப்பு தெரியாது, எழும்போதுதான் தெரியும்.

பிப்ரவரி கடைசியில் போனால் அலகை உற்றுப் பாருங்கள். மேல் அலகின் நடுவில் தட்டையான கொம்பு ஒன்று முளைத்திருக்கும். இனப்பெருக்கக் காலத்துக்கான அலங்காரம், ஆணுக்கும் உண்டு பெண்ணுக்கும் உண்டு. வடக்கே போய் முட்டையிட்டபின் உதிர்ந்துவிடும். பிஸ்கட், சிப்ஸ் வீசும் வேலை வேண்டாம்.

5. படகு என்றால் காலையில். மதியத்துக்குப் பிறகு காற்று எழும், ஆழமில்லாத ஏரியில் அலை சட்டென்று கிளம்பும். காற்று ஆகாயத்தாமரையையும் கரைக்குக் கரை தள்ளிக்கொண்டே இருக்கும்; நேற்றுத் திறந்திருந்த படகுத்துறை இன்று பச்சைப் பாயாகக் கிடக்கலாம். சப்பாலாவிலிருந்து எல்லோரும் போவது தேள் தீவு. உய்ச்சோல் பழங்குடியினருக்கு அது புனிதத் தலம். அவர்கள் வைத்துவிட்டுப் போன காணிக்கைகளைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் மெஸ்காலா தீவே மேல். 1812 முதல் 1816 வரை சுற்றுப்புற ஊர்மக்கள் அங்கே இருந்துகொண்டு ஸ்பானியப் படையை எதிர்த்து நின்றார்கள். பிற்பாடு அது சிறையானது. இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

6. தொப்பி. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். குளுகுளு என்றிருக்கும்போதே தோல் கருகும்.

7. கரையோரக் கடையில் சராலெஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். நம் நெத்திலி மாதிரிப் பொடிமீன், மொறுமொறுவென்று வறுத்து எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் ஊற்றித் தருவார்கள். சைவர்கள் வெள்ளரிக்காயும் ஹிக்காமா என்ற கிழங்கும் மிளகாய்த்தூள் தூவிக் கேட்கலாம்.

8. குவாதலஹாராவின் பழைய பேருந்து நிலையத்திலிருந்து சப்பாலாவுக்கு அடிக்கடி வண்டி உண்டு, கார் தேவையில்லை. ஞாயிறு மாலை திரும்புவதாக மட்டும் திட்டம் போடாதீர்கள். பாதி குவாதலஹாரா அதே சாலையில்தான் வீடு திரும்பும். சனிக்கிழமை முதல் வண்டியைப் பிடியுங்கள்.