இணையவழிப் பாடவளங்களும் ஆசிரியர் பணியும்

தகவல் தொடர்புச் சாதனங்களைக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. 2004இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஆயினும் ஒளிபரப்பு நேரத்திற்காக வகுப்பு காத்திருக்க வேண்டியிருந்தது. பாடத்தை இடையில் நிறுத்தி வினா எழுப்பவும் வழியில்லை. இக்குறையை இணையம் பெருமளவு நீக்கியுள்ளது.

கிடைக்கும் வளங்கள்

2015இல் தொடங்கப்பட்ட இ-பாடசாலா, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பாடநூல்களை மின்னூல்களாக வழங்கியது. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற தீக்ஷா தளம், பாடநூலோடு நேரடித் தொடர்பு கொண்டது. நூலில் அச்சிடப்பட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால், அப்பாடத்திற்குரிய படக்காட்சியும் பயிற்சி வினாக்களும் கிடைக்கும். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளும் அங்கு உள்ளன. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் தொழில்திறன் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எதிர்பார்க்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

வளம் கிடைப்பது வேறு. அதனால் வகுப்பு வளம் பெறுவது வேறு. நிலவின் வளர்பிறை, தேய்பிறையைக் கற்பிக்கும் பாடத்தைக் கருதலாம். பூமியின் நிழல் படிவதாலேயே பிறை தோன்றுகிறது என்று மாணவர் பலர் எண்ணுவர். படக்காட்சியை மட்டும் காட்டினால், இத்தவறான எண்ணம் அப்படியே நிலைத்துவிடக்கூடும்.

எனவே முதலில் காரணத்தை ஊகித்து வரையச் செய்தல் வேண்டும். பின்னர் படக்காட்சியை இடையிடையே நிறுத்திக் காட்டலாம். அதன்பின் இருட்டறையில் விளக்கொன்றை ஏற்றி, மாணவர் கையில் வெண்ணிறப் பந்தொன்றைக் கொடுத்து, கையை நீட்டித் தலைக்குச் சற்று உயரே பிடித்தவாறு மெல்லச் சுழலச் சொல்ல வேண்டும். பந்தின் ஒளிபெற்ற பாதி எப்போதும் விளக்கை நோக்கியே இருப்பதையும், நம் கண்ணுக்குப் புலப்படும் பகுதி மட்டுமே மாறுவதையும் அவர் தாமே காண்பார். விளக்கிற்கு முதுகு காட்டி நிற்கையில் முழுநிலவு தோன்றும். படக்காட்சியும் பந்தும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

செய்ய வேண்டியவை

2023-24ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, நாட்டின் பள்ளிகளில் 53.9 விழுக்காட்டில் மட்டுமே இணைய வசதி இருந்தது. ஏனைய பள்ளிகளின் மாணவர் பின்தங்கிவிடலாகாது. இணையம் உள்ள இடத்தில் ஆசிரியர் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்து, கைப்பேசியில் சேமித்து வகுப்பிற்குக் கொண்டு செல்லலாம். கல்வி அலுவலர்கள் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், எந்த வளம் எந்தப் பாடத்தில் எவ்வாறு பயன்பட்டது என்பதை ஆசிரியர் கூட்டங்களில் கலந்துரையாடச் செய்தல் நலம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் தயாரித்துக்கொள்ள நேரமும் ஆசிரியருக்கு அளிக்கப்பட்டாலன்றி, இவ்வளங்கள் களஞ்சியத்திலேயே தங்கிவிடும்.